கழுவாத தூம்பா

உரிமைப் போராட்டம் என்றால் கொடி, கோஷம், போலீஸ் வேன் என்று ஏதாவது இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். என்னுடைய முதல் போராட்டத்தில் இவை எதுவும் கிடையாது. ஒரு பழைய வண்டியை யாரும் கழுவிவிடாதபடி காவல் காத்தேன், அவ்வளவுதான். அழுக்கைக் காப்பாற்றுவதற்காக விடைத்தாள் கட்டோடு ஒரு கொட்டகை வாசலில் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் காரைக்கால் பிராந்தியத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். போட்டிக்கு வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் என் பூர்விகத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டை ஊரில் ‘வெள்ளைக்காரங்க வீடு’ என்பார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேருமே நல்ல நாவற்பழ நிறம். பாஸ்போர்ட் மட்டும் வெள்ளை. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகும் அவன் குடியுரிமையை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குரும்பகரத்தில் நிலம், கோயில் தெருவில் மாடி வீடு, கோயிலுக்குள் முதல் பெஞ்சு. கோயில் என்றால் மாதா கோயில். மதம் மாறியபோது எத்தனையோ சாமான்களைப் போட்டுவிட்டு வந்த எங்கள் முன்னோர்கள், சாதியை மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எந்தக் கோயில் என்று தேட வேண்டாம். தெருக்களை இடம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் என்னைப் படிக்க பாரீசுக்கு அனுப்பினார்கள். அங்கே ரொட்டிக் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ரொட்டி வாங்கிப் போன பிறகுதான் கடைக்காரம்மாவுக்கு நான் கண்ணில் படுவேன். ஊரில் முதல் பெஞ்சுக்காரிக்கு இது எப்படி இருக்கும்! சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு போய் எந்தக் கண்டத்துக் கறுப்பர்களுக்காக ஊர்வலம் நடந்தாலும் அதில் சேர்ந்துகொண்டேன். குளிரில் மூக்கு ஒழுக ஒழுக நடந்தேன். போட்டோகூட இருக்கிறது. ஒரு தட்டியின் கம்பைப் பிடித்துக்கொண்டு, உலகத்தையே திருத்தப்போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பேன்.

திரும்பி வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மறுபடியும் முதல் பெஞ்சு. எனக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. உட்கார வசதியாகத்தான் இருந்தது.

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். தெற்குத் தெருக்காரி. தெற்குத் தெருவும் எங்கள் மாதா கோயில் பங்குதான், அவர்களுக்கும் அதே ஞானஸ்நானம், அதே மாதா. ஆனால் அவர்கள் கோயிலில் இடது பக்கக் கதவால் வந்து பின்னால் தரையில் உட்கார வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் என் ஊர்வல போட்டோவைப் பெருமையாகக் காட்டினேன். கணக்கு டீச்சர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இவங்கல்லாம் யாரு டீச்சர்?”

“கறுப்பர்களுக்காகப் போராடுறவங்க. பஸ்ல, ஓட்டல்ல அவங்கள தனியா உக்கார வைக்கிறாங்கன்னு.”

“அடப் பாவமே,” என்றாள். “தரையிலயா உக்கார வைக்கிறாங்க, பெஞ்சு உண்டா?”

கேட்டுவிட்டு போட்டோவைத் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். மணி அடித்துவிட்டதாம். அடுத்த வகுப்பில் நான் வினைச்சொல் நடத்தினேன் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அவள் அப்பாவும் ‘சொல்தா’தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதே சைகோனில், என் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி, ஒவ்வொரு வருடமும் இருவரும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நினைவுத்தூண் வரை ஒரே வரிசையில் நடப்பார்கள். மூவர்ணக் கொடிக்கு சல்யூட், ஒருவருக்கொருவர் கைகுலுக்கல், ஒரே தட்டிலிருந்து பிஸ்கோத்து. பதினைந்தாம் தேதி காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கம் வருவார். பிரெஞ்சுக் குடியரசு எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருநாள் மட்டும் நடந்துவந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். நான் பார்க்கப் போனேன். பாரீசுக்குப் போய் வந்தவள் தெற்குத் தெருவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. பழைய பட்டாளத்து பெரே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். என் அப்பாவை அவர் எப்போதும் ‘மொன் செஃப்’, அதாவது ‘என் தலைவர்’, என்றுதான் சொல்வார்.

“மொன் செஃப் பொண்ணா? வா பாப்பா. ஒக்காரு. ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்க.”

“எனக்கு தூம்பா வேணும்.”

தூம்பா என்பது எங்கள் பங்கின் சவ வண்டி. தேக்கு மரம், நான்கு சக்கரம், மேலே சிலுவை வைத்த கூரை, தள்ளிக்கொண்டு போக முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு பித்தளைக் கைப்பிடிகள். என் தாத்தா சைகோன் காசில் செய்து கொடுத்தது. கோயில் தெருவில் சாவு விழுந்தால் தூம்பாவில் ஏற்றி, பெரிய சாலை வழியாகக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தையும் அதே தூம்பாவில் வைத்துத்தான் பவனி. தெற்குத் தெருச் சாவுக்கு மட்டும் தூம்பா கிடையாது, பெரிய சாலையும் கிடையாது. பெட்டியைத் தோளில் வைத்து வாய்க்கால் வரப்பு வழியாகத் தூக்கிப் போக வேண்டும்.

“எம் பொண்டாட்டி ஐப்பசியில போனா,” என்றார். “மழன்னா மழை. வரப்பு வழுக்கி பொட்டியோட வாய்க்கால்ல விழுந்துட்டோம். நான் எழுந்திரிச்சு பாக்குறேன், பொட்டி மெதக்குது. ஆத்துல குளிக்கவே பயப்படுவா அவ. சேத்தோடதான் பொதைச்சோம். எனக்கு அந்த வழி வேணாம் பாப்பா. ரோட்டு மேல போவணும். சாவி ஒங்க வூட்டுலதான இருக்கு?”

இருந்தது. தூம்பா கொட்டகைச் சாவி எங்கள் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

“சரிங்க,” என்றேன்.

“சீக்காளிக்குச் சொல்ற சரியா, நெசமா சொல்ற சரியா?”

கட்டிலின் அந்தப் பக்கம் நின்று மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமாத்தான்,” என்றேன். எனக்குச் சொல்வது எப்போதுமே சுலபம். பாரீசில் சொல்லாததா?

ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தின் நடுவில் ஒரு காலை, எங்கள் வீட்டு முன்வாசல் வழியாகக் கணக்கு டீச்சர் உள்ளே வந்தாள். வந்ததே செய்திதான். அப்பா பத்து நாள் பழசான பிரெஞ்சுப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், சாவி குடுங்க,” என்றாள்.

சாவி கேட்டு யார் வந்தாலும் என் அம்மா ஒரு கேள்வி கேட்பாள், “யாருக்கு?” என்று. பிறகு ஒரு பெருமூச்சு, வந்தவருக்குக் காபி. பழக்க தோஷத்தில் அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

“எங்கப்பாவுக்கு.”

அம்மா வெளியே வந்து பார்த்தாள். காபியும் வரவில்லை, பெருமூச்சும் வரவில்லை. அப்பா பத்திரிகையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

“எப்போ?” என்றார் பத்திரிகைக்குள்ளிருந்து.

“விடியக்காலைல. கடைசி வரைக்கும் தொப்பிய எடுக்க வுடல.”

“நல்ல சொல்தா,” என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, “தூம்பா விஷயம் பங்குக்காரங்க முடிவு பண்றது. நாம வெறும் சாவிய வச்சிருக்கிறவங்க.”

நான் படத்துப் பக்கம் நகர்ந்தேன்.

“ஏண்டி, கைய வைக்காத,” என்றாள் அம்மா. “உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.”

ஆண்டவருடைய திருஇருதயத்துக்குப் பின்னால் கையை விட்டு சாவியை எடுத்தேன். ஒரு பல்லி ஓடியது. புரட்சியின் தருணங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பல்லியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

தூம்பா அன்று மாலை பெரிய சாலையில் போனது. தெற்குத் தெரு ஆண்கள் நான்கு பேர் தள்ளினார்கள். கோயில் தெருவில் சன்னல்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சாத்திய சன்னல்களின் இடுக்கில் கண்கள் இருந்தன. கலெக்டர் வந்தால்கூட இத்தனை கண்கள் வந்திருக்காது. பெட்டியின் மேல் தொப்பியும் பதக்கமும். நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தேன். மாடிச் சன்னல் கம்பிக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். பெட்டி நேரே வந்ததும் அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

மழை இல்லை. சாலை காய்ந்து கிடந்தது. பெட்டி எங்கும் குலுங்காமல் போய்ச் சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். படித்தவர்களுக்கே உரிய நினைப்பு. மறுநாளிலிருந்து முதல் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. பேச்சுவார்த்தையில் இருந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஜகா வாங்கினார்கள். இந்தப் போராட்டம் எனக்குச் செய்த முதல் உபகாரம் அது. பட்டினச்சேரியிலிருந்து வரும் மீன்காரம்மா மட்டும் வழக்கம்போல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தெருவுல ஒங்களப் பத்திதான் பேச்சு. வஞ்சிரம் எடுத்துக்கங்க, ஒடம்புக்குத் தெம்பு வேணும்ல,” என்றாள்.

பெரிய வெள்ளி நெருங்கியபோதுதான் கோயில் தெருவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆண்டவருக்கும் அதே தூம்பாதான். புதிதாகச் செய்ய நாள் இல்லை. ஆண்டவரைத் தோளில் தூக்கலாம் என்றால், அப்புறம் தெற்குத் தெருவுக்கும் ஆண்டவருக்கும் என்ன வித்தியாசம்? பங்குக் கமிட்டி கூடியது. தூம்பாவை நன்றாகக் கழுவி, தீர்த்தம் தெளித்து, ‘சுத்தம்’ செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

இதைக் கேட்டதும் கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“கழுவக் கூடாது டீச்சர்.”

“வண்டிய எடுத்துட்டுப் போயாச்சு. அப்பா ரோட்டு வழியாதான போனாரு? இனிமே கழுவினா என்ன?”

“எங்கப்பா போன எடத்தக் கழுவுனா, எங்கப்பா அழுக்குன்னு ஊரு கூடி எழுதிக் குடுத்த மாதிரி. அதுக்கு அவரு வாய்க்கால்லயே போயிருக்கலாம். தண்ணியாவது சும்மா பட்டிருக்கும்.”

அன்று பள்ளி விட்டதும் இருவரும் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தோம். சாவி என் இடுப்பில். பூட்டு உடைக்கிற பழக்கம் எங்கள் தெருக்காரர்களுக்குக் கிடையாது. அதற்கெல்லாம் ஆள் வைப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த வண்டியை ஒருமுறை கழுவியிருக்க வேண்டியதுதான். என் தாத்தா காலத்திலிருந்து அதன்மேல் வௌவால்கள் பெய்திருந்தவற்றை யாரும் துடைத்ததில்லை. சிலுவைக்கும் கூரைக்கும் நடுவில் சிலந்திகள் சந்ததி சந்ததியாகக் குடியிருந்தன. இத்தனை வருடமாக அந்தக் கோலத்திலேயே கோயில் தெருவின் பெரிய மனிதர்கள் அதில் படுத்துப் போனார்கள். அப்போதெல்லாம் ஒருவருக்கும் சுத்தம் ஞாபகம் வரவில்லை. இயற்கையிலேயே தூசி ஒத்துக்கொள்ளாத நான், தும்மிக்கொண்டே அந்த அழுக்கைக் காத்தேன்.

புனித வாரத்து புதன்கிழமை கமிட்டித் தலைவர் வந்தார். சாமியாரும் வந்தார். கூடவே தெற்குத் தெருவிலிருந்து ஒருவர், வாளி, தென்னந்துடைப்பம், சோப்புத்தூள் சகிதம். கணக்கு டீச்சருக்கு அவர் சித்தப்பா முறை. கோயில் வளாகத்தைக் கூட்டுவது, சாக்கடை அள்ளுவது எல்லாம் அவர்தான்.

“சாவியக் குடும்மா,” என்றார் தலைவர். “நல்ல குடும்பத்துப் பொண்ணு, இப்படித் தெருவுல ஒக்காரலாமா?”

“தெருவுல இல்லிங்க, எங்க தாத்தா குடுத்த கொட்டகையில,” என்றேன். என் சலுகைகள் எல்லாவற்றையும் எதிர்த்துப் போராடுவதற்காக அவற்றில் ஒன்றை எடுத்து உபயோகித்தேன். வேறு ஆயுதம் கைவசம் இல்லை.

தலைவர் சாமியாரைப் பார்த்தார். “சாமி, நீங்களாவது தீர்த்தம் தெளிங்க.”

சாமியார் இரண்டு தெருவுக்கும் பயந்த மனிதர். அவர் பயம் அன்று எங்களுக்கு உதவியது. “பூசை வச்சு அனுப்புன ஒரு கிறிஸ்தவன் போன வண்டி. அதுக்குப் பரிகாரம்னு ஒரு செபம் எங்க புத்தகத்துல இல்லியே. நான் எதப் படிக்கிறது?” என்றார். சொல்லிவிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்று போய்விட்டார். கோயிலுக்குள் ஒருவரும் இல்லை.

“சரி, தண்ணியாவது ஊத்துவோம். டேய், கொட்டகைக் கூரைமேல ஏறி, ஓட்டப் பிரிச்சு உள்ள ஊத்துடா,” என்றார் தலைவர், வாளிக்காரரிடம்.

வாளிக்காரர் அசையவில்லை. அண்ணன் மகளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

“ஊத்துறதுல ஒண்ணும் இல்லிங்க. ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“எங்கண்ணன் போனதால தீட்டுன்றீங்க. இப்ப நான் தொட்டுக் கழுவுனா மறுபடி தீட்டாயிடுமே. அப்பறம் அத யாரு கழுவறது? அதுக்கும் நானே வரணுமா?”

கணக்கு டீச்சர் விடைத்தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை.

“நீங்க கழுவுனீங்கன்னா சரியா வரும்,” என்று வாளியையும் துடைப்பத்தையும் தலைவர் காலடியில் மரியாதையாக வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். தலைவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே அவருக்குச் சந்தேகம் என்று தோன்றியது. கோயில் தெருவில் வேறு ஆண்களைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். தீட்டைப் பார்க்கத் தெரியும், தேய்க்கத் தெரியாது. வாளித் தண்ணீரை ஒரு காக்கை வந்து குடித்தது.

பெரிய வெள்ளியன்று நானே கொட்டகையைத் திறந்தேன். வௌவால் எச்சத்தோடு, சொல்தாவின் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்களோடு தூம்பா வெளியே வந்தது. ஆண்டவரின் சுரூபத்தை அதில் கிடத்தினார்கள். இனி யார் தள்ளுவது?

அந்த நான்கு கைப்பிடிகளும் நான்கு குடும்பங்களுக்குச் சொந்தம். முன் வலது எங்களுடையது. தாத்தா பிடித்தது, இப்போது அப்பா. பின் இடது கமிட்டித் தலைவருடையது. கோயில் தெருவே அன்று தள்ளிப்போய்ச் சுவரோரமாக நின்றது. தெற்குத் தெரு ஆண்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவ்வளவுதான்.

அந்த வேட்டியை அப்பா பார்த்தார். காலையில், “நான் வரப்போறதில்ல, அந்த வண்டிய இனிமே தொடமாட்டேன்,” என்று சொன்னவர். ஆனாலும் முழுக்கால் சட்டையும் பதக்கமுமாக வந்து நின்றிருந்தார். சாதியா, முன் கைப்பிடியா என்று அவருக்குள் நடந்த விசாரணை முகத்திலேயே ஓடியது. தான் விட்டால் இன்னொருவன் பிடித்துவிடுவான். பிடித்தால், பிடித்ததுதான், பிறகு திரும்பக் கிடைக்காது. அப்பா நான்கே எட்டில் வந்து முன் வலது கைப்பிடியைப் பற்றினார். அவரைப் பார்த்து முன் இடதுக்காரர் ஓடி வந்தார். பின் வலதுக்காரரும் வந்துவிட்டார். நீதி வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். பித்தளை வென்றது.

“ரொம்ப அழுக்கா இருக்கே,” என்று அப்பா என்னைப் பார்க்காமல் முணுமுணுத்தார்.

“ஆமாம்பா. தாத்தா காலத்து அழுக்கு,” என்றேன்.

பின் இடது காலியாக இருந்தது. தலைவர் வரவில்லை. கோட்டுச்சேரியில் சம்பந்தி வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்கக் கூடாது என்பதால், பவனி கிளம்ப மரக்கட்டையைத் தட்டினார்கள். மூன்று பேர் தள்ள, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணலாகப் போனது. கணக்கு டீச்சர் தலையில் முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்தாள். பெண் ஒருத்தி தூம்பாவின் கைப்பிடியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் எந்தத் தெரு என்பதைச் சொல்லவே வேண்டாம். நானும் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். பித்தளை வெயிலில் சுட்டது. வண்டி நேரானது.

பின் வலதுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்திருப்பார். அவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டியவர் நடந்துகொண்டிருந்தார். பின் வலதுக்காரர் பிடியை விடவில்லை.

பெரிய சாலையின் கடைசியில் பவனி எப்போதும் இடப்பக்கம் திரும்பிக் கோயிலுக்கே வந்துவிடும். நேரே போனால் தெற்குத் தெரு. அங்கே ஆண்டவர் எந்த வருடமும் போனதில்லை. தெருமுனையில் மெழுகுவர்த்திகளோடு பெண்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அப்பா கைப்பிடியை இடப்பக்கமாக வளைத்தார். வண்டி திரும்பியது. பின்னால் பிடித்திருந்த நாங்களும் திரும்ப வேண்டியதாயிற்று.

“பாத்தீங்களா டீச்சர், பின்னால புடிச்சா ஒண்ணும் பண்ண முடியல,” என்றாள் அவள் மெதுவாக. “அடுத்த வருஷம் முன்னால புடிக்கணும்.”

“முன் வலது எங்க குடும்பத்துது,” என்றேன். “அப்பாவுக்கு முட்டி வலி வேற. நான் பேசறேன்.”

“பேசற பேச்சா, நெசமாவா?”

அவள் அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. “நெசமாத்தான்,” என்றேன். வீட்டுக்கு வந்ததும் சாவியைத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் மாட்டவில்லை. என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.